எல்லாம் ஒரே பைத்தாம்

கல்முனைக்குடி
மார்ச் 2010

அன்பு மகன் இன்ஸாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், கத்தாரில் நீயும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறோம். வீட்டில் சுகமில்லாதது நீ லீவில் வந்து கணினியில் போட்டுவிட்டுப் போன அந்தப் பாட்டு மென்பொருள் ஒன்றுதான். தானாகவே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும் என்றாய், செய்துவிட்டது. பக்கீர் பாவா றபான் தட்டிப் பாடிய பாட்டுக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரியின் படத்தைத் தேடி ஒட்டியிருக்கிறது, அவளுடைய உடுப்பைப் பற்றி வாப்பா மகனுக்கு எழுதக் கூடாது. பள்ளிவாசல் லெப்பை வந்திருந்த நேரம் பார்த்து அது திரை முழுக்க வந்து நின்றது, உம்மா துவாயை எறிந்து மூடினா. செருப்பு மாறிப்போனவர்கள் பந்தலுக்கு வரவும் என்று கச்சிமுகம்மது கலியாண வீட்டு மைக்கில் கத்தியதை நடனப் பாட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறது. யுத்தம் முடிந்து ரோட்டிலிருந்த சோதனைச் சாவடிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள், நீ ஒன்றை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இதற்கெல்லாம் சிரிக்கலாம் மகன். நான் ஸ்பீக்கர் செட் கொண்டுபோன கலியாணங்களில் பதிந்த பைத்துகள் உனக்குத் தெரியும். மாப்பிள்ளையை அழைத்துப் போகும்போது பாட எந்த வீட்டிலும் அதே பைத்துத்தான், அதனால் எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை பைத்து என்றே பெயர் வைத்திருந்தேன். ஒரே பாட்டு பல தடவை இருக்கிறதென்று அந்தப் பேயன் ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டான், குப்பைத் தொட்டியையும் அவனே காலி செய்துவிட்டான். மிஞ்சியது மீராமுகைதீன் வீட்டுப் பைத்து. போனது நம்முடைய மூத்தவள், உன் ராத்தா ஆகிலாவின் கலியாணத்துப் பைத்து. கடைசியில் பெண்கள் குரவை போட, மணப்பெண்ணே உள்ளிருந்து சேர்ந்து குரவை போட்டுச் சிரித்தாளே, உம்மா ஏசினாவே, அதுதான். சுனாமி அவளைக் கொண்டுபோன பிறகு அவளுடைய குரலென்று நமக்கிருந்தது அது மட்டும்தான், முதலில் பதிந்த கசட்டும் மக்கிவிட்டது.

ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் உம்மாவுக்கு அதைக் கேட்க வேணும். ஒரு வெள்ளி கரண்ட் இல்லை என்றேன், தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. போன வெள்ளி துணிந்து மீராமுகைதீன் வீட்டுப் பைத்தைப் போட்டேன். குரவை முடியும்வரை கேட்டுவிட்டு, "இஞ்சருங்க, நம்மட புள்ள எங்க?" என்று கேட்டா. எனக்கு அழுகை வந்துவிட்டது, மெஷின் பழுது என்று சொல்லி எழும்பிப் போய்விட்டேன். நீ அங்கிருந்து போன் எடுத்தால் உம்மாவும் காதை ஒட்டிக்கொண்டு நிற்பா, அதனால்தான் கடிதம்.

போகும்போது பாட்டுகளை உன் லேப்டாப்பிலும் ஏற்றினாய், அதில் தேடிப் பார். அந்த மென்பொருளை மட்டும் அங்கே திறந்துவிடாதே. நேரத்துக்குத் தொழு, வெயிலில் தலையை மூடிக்கொள், அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக. கிடைத்தால் போன் எடுத்து, ஸலாம் சொன்னதும் வேறொன்றும் கதைக்காமல் உம்மாவின் காதில் அதைப் போட்டுவிடு. கிடைக்காவிட்டால் நீயே அவவிடம் சொல்லு மகன், என்னால் ஏலாது.

உன் வாப்பா,
ஆதம்பாவா