மஞ்சக்குட்டையைத் திறந்தால் வெள்ளக்கடை மூடும்

மேசை டிராயரைத் துப்புரவு செய்தபோது நம் பழைய பிளாப்பி ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்க்க என்னிடம் இப்போது இயந்திரம் இல்லை; அதனால் முகர்ந்து பார்த்தேன். இன்னும் மிளகு வாசனை அடிக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காட்டில் உன் அத்தாவின் மளிகைக் கடைக்குப் பின்னால், மிளகு மூட்டைகளுக்கு நடுவே நம் கம்ப்யூட்டர் இருந்தது. நாம் அதை நிறுவனம் என்றோம்; உன் அத்தா மூட்டை வைக்கும் இடம் என்றார். அவர் போட்ட நிபந்தனை தெளிவானது. எஸ்டேட் வேலைகளுக்காக நாம் எழுதிய மென்பொருளை, மலையில் ஆளுக்கொரு எஸ்டேட் நடத்திய ஓர் அண்ணனும் தம்பியும் வாங்கிக்கொண்டால் நீ தொடரலாம். இல்லையென்றால் மறுநாளே தராசுப் பக்கம் வந்து நிற்க வேண்டும்.

அண்ணன் வெள்ளக்கடை எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டார், தம்பி மஞ்சக்குட்டையை. திரையின் இடப்பக்கம் இரண்டையும் கோப்புறைகளாக, கிளை கிளையாக அடுக்கியிருந்தாய். கூட்டல் குறியைத் தட்டினால் உள்ளே இருப்பவை விரியும். கழித்தலைத் தட்டினால் சுருங்கும். இது எல்லாரும் செய்வது. உன் பெருமை வேறு: ஒன்றை விரித்தால் மற்றது தானாகவே சுருங்கிக்கொள்ளும்.

"சின்ன ஸ்கிரீன்டா. ஒண்ணு ஒதுங்குனாத்தான் இன்னொண்ணு தெரியும்" என்பாய். உலக நடப்பும் அதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

இருவரும் ஒரு நாள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அண்ணன் வெள்ளக்கடையைத் தட்டினார். காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று வரிசையாக விரிந்தது. முகம் மலர்ந்தது. தம்பி மஞ்சக்குட்டையைத் தட்டினார். வெள்ளக்கடை சுருங்கியது.

"ஏனுங்க தம்பி, என்னுதை எதுக்கு மூடுனீங்க?" என்று அண்ணன் உன்னைக் கேட்டார்.

"அழியலீங்க. உள்ளதான் இருக்குதுங்க."

"இருக்கட்டுங்க. அவன் தொறந்தா நான் எதுக்குச் சாத்திக்கோணும்?"

தம்பி பேசாமல் இருந்திருக்கலாம். "இத்தன வருசமா நாந்தானுங்களே சாத்திக்கிட்டு இருக்கறேன்" என்றார்.

கடையில் உன் அத்தா தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ வாதாடவில்லை. அவர்களை டீ குடிக்க வைத்துவிட்டு, அத்தனை நாள் பெருமைப்பட்ட அந்த வரிகளை அழித்தாய். டீ ஆறுவதற்குள் இரண்டு எஸ்டேட்டும் விரிந்து நின்றன, ஒன்றையொன்று சீண்டாமல். திரைதான் போதவில்லை. கடைசிக் கிளையைப் பார்க்க இறங்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

"இப்பத்தானுங்க நொம்ப நாயமா இருக்குது" என்றார் அண்ணன். தம்பியும் ஆமாம் என்றார். அந்தக் குடும்பத்தில் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னதாக அதற்கு முன் தகவல் இல்லை.

ஜீப் போன பிறகு உன் அத்தா உன்னைப் பார்க்காமலே சொன்னார்: "மொளகு நிறுக்க வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று நீ என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே யாருதை மூடறதா இருந்தாலும் கேட்டுட்டு மூடலாம்டா."

நீ கண்ணை மூடிய பிறகு நம் தொழிலைச் சேலத்தில் நான் ஒருவனாக நடத்துகிறேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண், ஒரு கிளையை விரித்தால் மற்றது சுருங்கும்படி செய்து காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள்.

"வெள்ளக்கடைக்காரர் கோவிச்சுக்குவாரும்மா."

யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து உடனே மாற்றிவிட்டாள். நானும் விளக்கவில்லை. சொல்லத் தொடங்கினால் பேச்சு உன்னிடம் வந்து நிற்கும்; அதற்கு மேல் எனக்குப் பேச வராது.