கமலத்தின் பாஸ்போர்ட்டுக்கு வைத்த கைநாட்டு

ஆடி 21
புது நோட்டு. பழையது தீர்ந்தது. காலையில் கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கு எழுத்து வராது. வழக்கம்போல நான் சொல்ல, மருமகள் கமலம் எழுதுகிறாள். முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. எந்த வண்டி எந்த நாள் எவ்வளவு தாமதம் என்று இன்றும் சொல்வேன். எழுதத்தான் முடியாது.

கமலம் சமைக்கிற பட்டுக்கடைக்காரர் வீட்டில் புதுச் சேதி. ஜப்பானில் கோபே என்ற ஊரில் கடை திறக்கிறார்கள். குடும்பத்தோடு பயணம். சமையலுக்கு இவளையும் கூப்பிடுகிறார்கள். மூன்று வருஷம்.

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

"வண்டி வந்தா கொடி காட்டறவன் நான். நான் என்ன சொல்றது?"

சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

ஆடி 24
தூறல். பட்டுக்கடை அம்மாள் சொன்ன சாமான்கள்: புளி, பெருங்காயம், மிளகாய் வற்றல், அப்பளம், இட்லித் தட்டு, கம்பளிச் சட்டை இரண்டு (அவரே தருகிறார்). இந்த மைசூரிலிருந்து சென்னை, தனுஷ்கோடி, கொழும்பு. அங்கே கப்பல். சென்னைவரை எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக் கௌரம்மா சுவர் மேலிருந்து: "அங்க மீனைப் பச்சையாவே தின்பாங்களாமே. நீ என்னடி திம்பே?"

"சமைக்கப் போறதே நான்தானே அக்கா!"

ஆடி 27
பாஸ்போர்ட்டு ஆபீஸ். குமாஸ்தா கமலத்தின் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். விதவை என்றால் வீட்டுப் பெரியவர் எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

என் மகன் சுந்தரம் கல்யாணமான எட்டாம் மாதம் வீட்டைவிட்டுப் போனான். பதின்மூன்று வருஷம். அவன் அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் தர்ப்பையில் பொம்மை செய்து கொளுத்திக் காரியம் செய்துவிட வேண்டும் என்று போன வருஷம் புரோகிதர் சொன்னார். மாட்டேன் என்றேன். பாவம், கிழவர் நம்பிக்கையை விடவில்லை என்று தெருவே பேசியது.

ஆடி 28
இன்று நான் சொல்வதை நிறுத்தாமல் எழுது, கமலம். ஆறு வருஷத்துக்கு முன் பங்குனியில் நஞ்சன்கூடு தேருக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். நஞ்சன்கூட்டுக்குப் போகவில்லை. ஹூப்ளிக்குப் போனேன். சுந்தரம் அங்கே ஸ்டேஷனுக்கு எதிரே பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறான் என்று எஞ்சின் ஃபயர்மேன் ஒருவன் சொல்லியிருந்தான். உண்மைதான். பச்சைச் சட்டை. முன்மண்டையில் வழுக்கை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காலடியில் இன்னொன்று. மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அவனை "ரீ" என்று கூப்பிட்டாள், கன்னடத்துப் பெண்டாட்டிகள் கூப்பிடுவதுபோல. தந்திக் கம்பத்துக்குப் பின்னால் கால்மணி நேரம் நின்றேன். அடுத்த வண்டியில் திரும்பினேன். வரும் வழியில் மைசூர் மார்க்கெட்டில் நஞ்சன்கூடு வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். நீ நம்ப வேண்டுமே

ஆடி 31
அன்று அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்று நாளாக இலையில் சோறு விழும், ஆள் நிற்க மாட்டாள். இன்று தானே நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பெரிய பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?"

"அப்ப மூணு இருக்கும்."

"இப்ப ஒன்பது."

எழுதிக்கொண்டே: "ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவே. எனக்குச் சோறு யாரு போடுவா?"

"எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு, மாமா."

அதை எழுது என்றேன். எழுதியாயிற்று என்றாள்.

ஆவணி 5
மறுபடி ஆபீஸ். நடந்தே போனோம். நீ போக வேண்டும், அதற்கு நான் செய்கிறேன் என்று வழியில் சொன்னேன். 

குமாஸ்தா காகிதத்தைப் படித்துக் காட்டினார். இவள் புருஷன், என் மகன் சுந்தரம், உயிரோடு இல்லை. சரிதானே? சரி.

"பொட்டு வெச்சுக்கிட்டு விதவைங்கறீங்களே?"

கமலம் முந்தானையால் துடைத்தாள். புருவத்தில் கொஞ்சம் சிவப்பு நின்றது. நான் சொல்லவில்லை.

"இல்லி ஹெப்பெட்டு ஒத்தி, தாத்தா." இங்கே கைநாட்டு வை என்று கன்னடத்தில் சொல்லி, கட்டைவிரலைப் பிடித்து அவரே மையில் தோய்த்தார். முதல் தடவை ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது. புரோகிதரிடம் போகவில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் பொம்மை கொளுத்த மாட்டேன்.

புரட்டாசி 9
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறாள். வண்டிக்குக் கால்மணி இருக்கிறது. பட்டுக்கடைக்காரர் பெட்டிகளை மூன்றாம் தடவை எண்ணுகிறார். சாப்பாட்டுக்குக் கௌரம்மா வீட்டில் சொல்லியாயிற்று. வெந்நீர்ப் பானை ஓட்டை, அடைக்க வேண்டும்.

காலைத் தொட வந்தாள். தள்ளி நின்றேன்.

"சண்டை இன்னும் தீரலை மாமா. மூணு வருஷம் கழிச்சு வந்து போடறேன். அதுவரைக்கும் உடம்பைப் பாத்துக்குங்க."

இருப்பேன் என்றேன். கைகாட்டி இறங்கிவிட்டது, வண்டி வருகிறது, மூடு நோட்டை.

மார்கழி 4
இன்று எழுதுவது தபால்காரர். இந்தத் தெருவுக்குப் புதியவர், தமிழ் படிப்பார். கமலத்தின் கடுதாசி வந்தது. இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். கோபேயில் கம்பளி மேல் கம்பளி போட்டும் குளிர்கிறதாம். துவரம்பருப்பு கப்பலில் வருகிறதாம். "இங்கே பொட்டு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது மாமா. மறுபடி வைத்துக்கொண்டேன், சும்மா அழகுக்கு."

தபால்காரர் அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "மருமகள் தானே? மகன்?"

தவறிவிட்டான் என்றேன்.

"அடடா. எத்தனை வருஷம் ஆச்சு ஐயா?"

வருஷம் இல்லை, நாலு மாதம் என்றேன்.