அது வெந்தய வாசம் இல்லை

அத்தை,

இன்று காலை சமையலுக்கு இல்லாமல் ஒரு பிடி வெந்தயம் வறுத்தேன். வாசம் எழும்பியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

உங்கள் மேல் எனக்கு வந்த முதல் கோபமே வெந்தயத்தால்தான். முதல் குழந்தையின் மூத்திரத்துணியில் கருகிய பாகு வாசம் அடித்தபோது, நான் தின்ற வெந்தயக் களி பாலில் இறங்குகிறது என்றார்கள். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. இரண்டாவது பிறந்தபோது நீங்கள் களி கிண்ட மறுத்துவிட்டீர்கள். அப்பாவின் கூடப்பிறந்தவள்தானே மாமியார் என்று நம்பி வந்தவளுக்கு ஒரு உருண்டை களிக்கும் வழியில்லையா என்று மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை. நாலாம் நாள், நான் களியே தின்னாதபோதும், துணியில் அதே வாசம். நீங்கள் முகர்ந்து பார்த்தீர்கள். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் நானும் உங்கள் மகனும் காளப்பநாயக்கன்பட்டி போய் பஸ் ஏறினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டமும் வட்டமுமாக நம் குடும்பத்தை வரைந்தார். இதற்கு முன் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனதா என்றார். இல்லை என்றார் உங்கள் மகன். நீங்கள் குறுக்கிட்டீர்கள்:

"இருக்குதுங்க. இவனுக்கு முந்தி எம்பட ரெண்டு கொழந்தையும் இதே வாசத்தோடதான் போச்சு. பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு வாயத் தொறக்கல."

உங்களை அறையலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அந்தப் படம் உங்கள் வார்த்தையால்தான் முழுசானது. அது வெந்தய வாசம் இல்லை, நோயின் வாசம், தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை, ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு பயம், யார் குற்றமும் இல்லை என்றார் டாக்டரம்மா. ராசியில்லாதவள், வேறு பெண் பார்க்கலாம் என்று என்னைப் பேசிய சொந்தங்களிடம் நீங்களே போய் அதைச் சொன்னீர்கள். அன்றோடு என் கோபம் தீர்ந்தது.

என் இரண்டாவது பிள்ளை, அவனும் பிழைக்கவில்லை. அவன் ரத்தத்தில் கிடைத்த விடையை வைத்து மூன்றாவதை வயிற்றிலேயே பரிசோதித்து, நோயில்லை என்றார்கள். உங்கள் பேத்தி வந்தாள்.

அவளைத்தான் இன்று உங்கள் வழிச் சொந்தத்தில் பெண் கேட்டு வந்தார்கள். வரன் கலைந்துவிடும், பேசாதே என்றார் உங்கள் மகன். நானா கேட்பேன்? உங்களுடையது ரெண்டும் என்னுடையது ரெண்டுமாகப் போன நாலு குழந்தைகளின் கதையைச் சொல்லி, முதலில் பையனுக்கும் பெண்ணுக்கும் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் பேச்சு என்றேன்.

பையனின் அம்மா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்த வாசம் எப்படிங்க இருக்கும்?"

அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய்த்தான் அந்த ஒரு பிடி வெந்தயத்தை வறுத்தேன், அத்தை.