இவர் குடித்த இஞ்சித் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று காலை தலைமன்னார் கரையில் வலை உதறிக்கொண்டு நின்ற இவர், தலைசுற்றி மணலில் விழுந்துவிட்டார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிரசர் கூடியதற்கு நாளும் மாத்திரை போடுகிறவர்; இன்று அது நன்றாகக் குறைந்திருந்தது.

"பிரசர் குளிசையைத் தவிர வேற என்ன குடிக்கிறனீங்கள், அண்ணை?" என்று தாதி கேட்டார்.

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு கிழமையா விடிய வெறும் வயித்தில இஞ்சித் தண்ணி. நிறைய இடிச்சுப் போட்டுக் குடிச்சனான்."

"இஞ்சியும் பிரசரைக் கொஞ்சம் இறக்கும். குளிசையோட சேர்ந்தா இன்னும் இறங்கலாம். வெயிலும் ஒரு காரணமா இருக்கும். டொக்டரிட்டக் கேக்காமல் குடிக்காதேங்கோ."

நான் நாளும் கறிக்கு இடிக்கிற இஞ்சிக்கு இப்படியொரு பலமா என்று திகைத்துப்போய் நின்றேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தோ என்னவோ, தாதி தன் குழாயை என் காதில் மாட்டி, மறுமுனையை இவர் நெஞ்சில் வைத்தார்.

இருபத்தெட்டு வருடம் இவரோடு வாழ்கிறேன். அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்டேன். படபடவென்று அடித்தது.

"ஏன் தங்கச்சி இவ்வளவு வேகம்?"

"பிரசர் விழுந்தா அதை ஈடுகட்ட இதயம் வேகமா அடிக்கும், அக்கா. சேலைன் ஏற ஆறுதலாயிடும்."

அப்படியே ஆனது. பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஓட்டோவில், "என்ன கேட்டது?" என்றார் இவர்.

"நீங்கள் அசையாமல் கிடக்க, அது உங்களுக்காக ஓடிக்கொண்டிருந்தது."

இவர் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை எடுக்கவே இல்லை.