விளக்கம் எழுதப் பதினைந்து நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவள் கேட்கிற ஆளா. போன வாரம் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது, வந்த எலக்ட்ரீசியன், சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க என்று கேட்டார், காலேஜில் மின்னியல் சொல்லித்தருகிறேன் என்றேன், அப்படியா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் புடிங்க என்றார். இதையெல்லாம் முதலில் எழுதினால் மற்றதை எழுதத் தைரியம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்றாவது முறையாகப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன், ஓய்வுக்குப் பதினான்கு மாதம்தான் இருக்கிறது, இதுதான் கடைசி வாய்ப்பு என்பது உனக்குத் தெரியும். என் கட்டுரைகளை வெளிநிபுணர் ஒருவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார்கள், பாதகமாக வந்தால் பெயரை மறைத்து நமக்கு ஒரு நகல் தருவார்கள், பதினைந்து நாளுக்குள் விளக்கம் எழுத வேண்டும். எனக்கு நகல் வந்தது. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் பற்றிய கட்டுரையில் ஓர் அட்டவணையில் இரண்டு வரிசை இடம் மாறி, உண்மைக்கு நேர்மாறாக ஈரம் சேர்ந்த எண்ணெய்தான் அதிக வோல்ட் தாங்கும் என்பதுபோல் அச்சாகியிருக்கிறதாம், அச்சான வாரமே தெரிந்தும் பத்தொன்பது வருஷமாக மறைத்திருக்கிறேனாம். உண்மைதான். ஒன்பதாம் வகுப்புப் படித்த நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆசையாக டைப் அடித்துக் கொடுத்தாய், சரிபார்க்காதது நான், திருத்தம் அனுப்பாமல் விட்டதும் நான், அந்தத் தப்பை யார் தலையிலும் போடவில்லை. ஆனால் அது எனக்கு அப்போதே தெரியும் என்பது நம் வீட்டில் மூன்று பேருக்குத்தானே தெரியும்.

அதை யாரிடமாவது சொன்னாயா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதும், எங்க சார் வீட்டு விருந்துல சும்மா சிரிக்கறதுக்காகச் சொன்னேம்ப்பா, அவரும் விழுந்து விழுந்து சிரிச்சார் என்றாய். சிரித்திருப்பான். உன் ஆய்வுக்கு வழிகாட்டுகிற உங்கள் சாருக்கு இங்கே என்னிடம் படித்த காலத்தில் ஃப்யூஸ் என்று பெயர், லேபில் அவன் கை வைத்த ஃப்யூஸ் எதுவும் தப்பியதில்லை. மூன்று பேப்பரில் கோட்டைவிட்டு வந்தவனை நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் கரையேற்றினேன், அங்கே அவனுக்கு வேலை கிடைக்கச் சிபாரிசு எழுதியதும் நான்தான். அவன் முதுகில் குத்தியதுகூடப் பெரிதில்லை, அவன் வெளியாள். நீ அப்பாவின் அசட்டுத்தனத்தை எடுத்துக்கொண்டுபோய் விருந்தில் பரிமாறியிருக்கிறாய், அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த அட்டவணைக்காக உன்னை ஒரு சொல் கடிந்ததில்லை, கடிந்திருந்தால் உனக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்காதோ என்னவோ.

விளக்கம் எழுதுவது சுலபம். மதிப்பிட்டவர் என் மகளின் வழிகாட்டி, அவள் வீட்டு விஷயமாகச் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறார் என்று இரண்டு வரி போதும், அப்படியானால் அந்த அறிக்கை செல்லாது சார், வேறு ஆளிடம் அனுப்புவாங்க, இந்தத் தடவை உங்களுக்கு வந்துடும் என்று ஆபீஸ் குமாஸ்தாவே சொன்னார். ஆனால் அவனை விசாரிப்பார்கள், உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், ஐந்து வருஷம் பாடுபட்ட உன் ஆய்வேடு அவன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நேற்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிந்தது, நான் எதுவும் கொடுக்கவில்லை. இதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொள்ளாதே, உன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. விளக்கம் கொடுத்தேன், அவர்கள் ஏற்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் கேட்டால் நீயும் அதையே சொல்.

பட்டம் வாங்கி, நோய்நொடியில்லாமல் நீடூழி நன்றாக இரு. கையெழுத்து கைக்கு வருகிறவரை அவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, வழக்கம்போல் சார் என்றே கூப்பிடு. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதே, கடிதம் எழுது.

இப்படிக்கு
உன் அப்பா,
இணைப் பேராசிரியர், மின்னியல் துறை