மழைக்கு வந்த பட்டுப்பூச்சியும் தம்பி கேட்ட கேள்வியும்

என் பிரியமான அம்மா,

முதலில் நீ ஆசையாய்க் கேட்கும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கல்லல் பக்கமெல்லாம் நல்ல மழை. நம் கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது. நீ எங்களை விட்டுப் போன கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கண்மாய்ப் பக்கம் கூட்டிப்போவாயே, அந்த நடையை நான் விடவில்லை. தம்பி முகிலனும் பக்கத்து வீட்டுச் செல்வியும் என்னோடு வருகிறார்கள். சித்திரையில் வெடிப்புக்குள் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டோம். ஆடிக் காற்றில் பனையோலைக் காற்றாடியோடு கரையெல்லாம் ஓடினோம்.

போன வாரம் மழை விட்ட மறுநாள், கரை முழுக்கப் பட்டுப்பூச்சி. சிவப்பு வெல்வெட்டைக் கிள்ளிப் போட்டதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? இருவரும் தீப்பெட்டியில் புல்லை வைத்துக்கொண்டு தயாராக வந்திருந்தார்கள்.

"எனக்கு ரெண்டு வேணும்க்கா. ஒண்ணு மட்டும் தனியா இருந்தா அழுவும்," என்றாள் செல்வி.

"இவ்வளவு நாளா இதெல்லாம் எங்குட்டு இருந்துச்சு?" என்று முகிலன் கேட்டான்.

புத்தகத்தில் படித்ததைச் சொல்லும் ஆசை எனக்கு. "மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சுடா. மழை பேஞ்சதும் எந்திரிச்சு வந்துருச்சு."

அவன் பூச்சியைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப அம்மாவும் வருமா?"

உன்னை மண்ணுக்குள் வைத்த அன்று மாமாவின் தோளில் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா தூங்குதுடா, சத்தம் போடாத" என்று அத்தைதான் அவனைச் சமாதானப்படுத்தியது. நாங்களும் அதைத் திருத்தவில்லை. அவன் இத்தனை மாதமும் அழாமல் இருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் உனக்காகக் காத்துக்கொண்டிருந்தான், அம்மா.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அடுத்த மழைக்கு வரும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"வராதுடா. அம்மா செத்துப்போச்சு. பூச்சி தூங்குறது வேற, அம்மா தூங்கல."

அவன் அழுத அழுகையில் செல்வியும் சேர்ந்து அழுதாள். வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே வந்தேன். செல்வி நடந்ததைச் சொல்ல, அத்தை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஏண்டி, பச்சப் புள்ளைகிட்ட பேசுற பேச்சா இது? அண்ணே, கேட்டீகளா உங்க மக பண்ணுன வேலைய?"

அப்பா முகிலனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் சொல்லியிருக்கணும். புள்ள சொல்லிருச்சு. விடு," என்றார். அவரும் அழுதார். அத்தை உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தது.

அதன்பிறகு முகிலன் என்னோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்குக்கூட அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனான். இனி என்னை நம்பவே மாட்டானோ என்று பயந்தேன். இந்த ஞாயிறு நடைக்கு அவனைக் கூப்பிடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் பார்த்தால், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அவனே வாசலில் நிற்கிறான்.

"வாக்கா, செல்வி முன்னாடி போயிட்டா."

கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே மெல்ல வெளியே ஓடிக்கொண்டிருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தண்ணியெல்லாம் எங்குட்டுக்கா போகுது?" என்றான்.

"தெரியலடா."

"நெசமாவே தெரியாதா?"

"நெசமாத்தான். கூடவே நடந்து போயிப் பாப்பமா?"

வயல் வரப்பில் வெகுதூரம் போனோம், அம்மா. வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தான். இனி எந்தப் பருவத்தில் எதைக் கேட்டாலும், தெரிந்தால் உள்ளதைச் சொல்வேன். தெரியாவிட்டால் அவனோடு நடந்து போய்ப் பார்ப்பேன். அவனைச் சும்மா காத்திருக்க வைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மூத்த மகள், முகிலனின் அக்கா,
தேன்மொழி