துறைமுகத்தில் நான் எறிந்த கல்

அன்பு மகன் தெலெசானுக்கு அப்பா எழுதுவது. அப்பல்லோ தயவில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். லிபியாக் கரையில் உனக்கு நல்ல தண்ணீராவது கிடைத்திருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். தோலில் எழுதிய இந்தக் கடிதத்தை, அந்தப் பக்கம் சிப்பி எடுக்கப் போகும் படகுக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மழை வந்துவிட்டது, தெலெசான். நாலு வருஷம் ஏமாற்றியது, உங்கள் கப்பலைத் திருப்பி அனுப்பிய இருபதாம் நாள் கொட்டியது. பார்லி முழங்கால் உயரம் நிற்கிறது, உன் அம்மா வயல் பக்கமே போவதில்லை. பஞ்சத்தில் இரண்டு பிள்ளை உள்ள வீட்டிலிருந்து ஒருவன் புது ஊர் தேடிப் போக வேண்டும், திரும்பக் கூடாது என்று சபை முடிவு செய்தபோது நானும் கை தூக்கினேன். உங்கள் இருவரில் யார் என்று குலுக்கியபோது, போகிறவனுக்கான கறுப்பு மொச்சையைச் சட்டியிலிருந்து எடுத்துவிட்டு நீ, "விடுப்பா, தம்பிக்கு நீச்சலே தெரியாது" என்று சிரித்தாய். இரண்டே மாதத்தில் நீங்கள் திரும்பி வந்தபோது உங்களைக் கரையேற விடாமல் விரட்ட வீட்டுக்கு ஒருவர் கல்லோடு துறைக்கு வரச் சொன்னார்கள். தண்ணீரில் போட்டுவிடலாம் என்றுதான் போனேன். பக்கத்து வீட்டுத் தியோக்லஸ், "ஏன்யா, கை கூசுதோ? எம் பிள்ளையும் அதுலதான் இருக்கான்" என்று அழுதுகொண்டே எறிந்தான். நானும் எறிந்தேன். "தண்ணி மட்டும் குடுங்கப்பா, போயிடறோம்" என்று நீ கத்தியது கேட்டது. ஒரு கல் நெற்றியில் பட்டு நீ உட்கார்ந்ததைப் பார்த்தேன். என் கல்லா என்று தெரியவில்லை. அதைத்தான் உன் அம்மாவிடமும் சொன்னேன். "தெரிஞ்சா என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். அதன் பிறகு அப்பம் சுட்டு முன்னால் வைக்கிறாள், பேசுவதில்லை.

போன மாதம் சபையில் எழுந்து, மழைதான் வந்துவிட்டதே, பிள்ளைகளைக் கூப்பிடுவோம் என்றேன். "அவங்க பங்கை உழுது விதைச்சாச்சே" என்றார்கள். எனக்காக உயர்ந்தது இன்னொரு கை மட்டும்தான், தியோக்லஸுடையது. உன் தம்பி லாக்கோன் உன் பங்கில் ஏர் வைக்க மாட்டேன் என்று சண்டை போட்டான், வேறு யாரோ உழுகிறார்கள்.

புண் ஆறாமல் இருந்தால் ஆலிவ் எண்ணெய் தடவு, உப்புக் காற்று படவிடாதே. அந்த ஊர்க்காரர்களோடு வம்பு வேண்டாம். பெண் கொடுத்தால் கட்டிக்கொள், நீ நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. முதல் மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட உனக்கு வாய் வராவிட்டால் வைக்க வேண்டாம். நான் வருந்த மாட்டேன்.

உன் அப்பா,
பிராக்சிலஸ்